தானாகப் பிரேக் போடும் கார்: காப்புரிமை எண்ணத்துக்கா, வழிமுறைக்கா?

வேகத்தடை எழுதியது:

நண்பர்களே, பிரேக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுவது என் வேலை. முன்னால் போகும் வண்டியின்மீது மோதப் போகிறோம் என்று கேமராவோ ரேடாரோ கண்டுகொண்டு, ஓட்டுநர் கால் வைக்காமலே பிரேக் விழுகிறதே, அந்த வசதிதான் எங்கள் குழுவின் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையில் புது மாடல்களுக்கும், 2024 ஜூலையில் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமானது. அமெரிக்கா 2024இல் வெளியிட்ட விதி 2029 செப்டம்பரைக் கெடுவாக வைத்தது. இனி இந்த வசதி இல்லாமல் காரை விற்க முடியாது என்ற நிலை வந்த பிறகு, இதன்மேல் வரும் காப்புரிமை வழக்கு ஒவ்வொன்றும் மொத்தத் துறையையும் தொடுகிறது.

இந்த வகைக் காப்புரிமைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பலவற்றில் முதல் உரிமைகோரல் (எதெல்லாம் தனக்குச் சொந்தம் என்று காப்புரிமையில் எழுதும் வாசகம்) ஒரே அச்சில் இருக்கிறது. முன்பக்கம் பார்க்கும் ஒரு சென்சார், அதன் தரவை ஆராயும் ஒரு பிராசசர், மோதல் அபாயம் தெரிந்தால் பிரேக்குக்குப் போகும் ஒரு கட்டளை. அவ்வளவுதான். எப்படி ஆராய்வது, எந்தக் கணத்தில் கட்டளை போவது, எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று ஒரு வரி கிடையாது. எங்கள் வேலையின் கஷ்டம் முழுக்க அந்தச் சொல்லாத இடத்தில்தான் இருக்கிறது.

"ஆபத்து வந்தால் பிரேக் போடு" என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமாக முடியாது, அதைச் செய்து காட்டும் வழிக்குத்தான் உரிமை கொடுக்கலாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள், பழைய வழக்குகள் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வழக்காடி எழுதியது:

காப்புரிமை வழக்குகளில் வேலை செய்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. முதல் உரிமைகோரலைப் படித்ததோடு நிறுத்தாதீர்கள். ஒரே ஆவணத்தில் இருபது முப்பது உரிமைகோரல்கள் இருக்கும். முதலாவது வேண்டுமென்றே அகலமாக எழுதப்பட்டிருக்கும். கீழே போகப் போக ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையைச் சேர்த்துக் குறுகும். அகலமானது நீதிமன்றத்தில் விழுந்தாலும் குறுகலானது நிற்கலாம். வழக்கில் அடி விழுவது பெரும்பாலும் அந்த ஏழாவதோ பதினெட்டாவதோ உரிமைகோரலிலிருந்துதான். அதே சமயம், ஓர் உரிமைகோரலில் சொன்ன அம்சங்கள் எல்லாமே உங்கள் தயாரிப்பில் இருந்தால்தான் மீறல். ஐந்தில் நான்கு இருந்தால் பொதுவாக மீறல் ஆகாது.

அப்புறம் தேதி. 2015இல் வழங்கப்பட்ட காப்புரிமை என்று பார்த்துவிட்டு, "2008இலேயே வால்வோவின் தானியங்கி பிரேக் வசதி சிட்டி சேஃப்டி வந்துவிட்டதே, சுபாருவின் ஐசைட் வந்துவிட்டதே" என்று கிளம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஒரு மூல விண்ணப்பத்திலிருந்து தொடர் விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டே போகலாம். 2015இல் வெளிவந்ததன் முன்னுரிமைத் தேதி, அதாவது எந்த நாளுக்கு முன் இருந்தவற்றோடு அதை ஒப்பிட வேண்டுமோ அந்த நாள், 1990களில் இருக்கலாம். கேமரா சார்ந்த ஓட்டுநர் உதவி நுட்பங்களுக்காக மேக்னா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் டிஆர்டபிள்யூ என்ற உதிரிபாக நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் மிச்சிகனில் தொடுத்த வழக்கில் இருந்ததும் இப்படிப்பட்ட நீண்ட காப்புரிமைக் குடும்பம்தான். ஆயுள் 20 ஆண்டுதான், அதுவும் மூல விண்ணப்பத் தேதியிலிருந்து. ஆனால் அந்த 20 ஆண்டுக்குள், சந்தையில் எதிராளி என்ன செய்கிறான் என்று பார்த்து அதற்குப் பொருந்துகிற மாதிரி புதிய உரிமைகோரல் எழுதிக்கொள்ள முடியும். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான்.

ரயில்பிரியன் எழுதியது:

வேகத்தடை தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1898இலேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அதுவும் தானியங்கி பிரேக் வழக்கில்தான். ஆனால் அது ரயில் பிரேக்.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த முதல் வடிவத்தில் எஞ்சினிலிருந்து அழுத்தக் காற்று குழாய் வழியாக ஒவ்வொரு பெட்டிக்கும் போகும். குழாய் உடைந்தால் பிரேக்கே இல்லை. 1872இல் அதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டி, ஒரு மும்முனை வால்வு. குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். குழாய் உடைந்தாலும், பெட்டி கழன்று போனாலும் வண்டி தானாக நிற்கும். தானியங்கி பிரேக் என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

சரி, நீளமான சரக்கு ரயிலில் என்ன ஆனது? 1886, 1887இல் அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் 50 பெட்டி ரயில்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். எஞ்சின் பக்கம் அழுத்தம் குறைவது கடைசிப் பெட்டிவரை போய்ச் சேர நேரம் பிடித்தது. முன்பெட்டிகள் நிற்க, பின்பெட்டிகள் முழு வேகத்தில் வந்து இடித்தன. அதற்குத் தீர்வாக வெஸ்டிங்ஹவுஸ் 1887இல் ஒரு விரைவு வால்வைக் கொண்டுவந்தார். அவசர நேரத்தில் ஒவ்வொரு பெட்டியும் குழாயில் இருக்கும் காற்றைத் தன் பிரேக் சிலிண்டருக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். அதனால் அழுத்தக் குறைவு பெட்டிக்குப் பெட்டி வேகமாகத் தாவிப் போகும். அருமையான வேலை, அதில் சந்தேகமே இல்லை.

பிறகு பாய்டன் என்ற நிறுவனம் அதே பலனைத் தரும் வேறொரு வால்வைச் செய்தது. குழாய்க் காற்று நேராகச் சிலிண்டருக்குப் போகிறது, பலன் ஒன்று. உள்ளே இயங்கும் விதம் வேறு. வெஸ்டிங்ஹவுஸின் உரிமைகோரல் வார்த்தைகளை அப்படியே வைத்துப் பார்த்தால் பாய்டனின் வால்வும் அதற்குள் வருவதுபோல்தான் தெரியும். ஆனால் நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. ஒரு செயலையே, ஒரு பலனையே காப்புரிமையாக எடுத்துக்கொள்ள முடியாது. வார்த்தைகள் பொருந்தினாலும், இயந்திரத்தின் அடிப்படைத் தத்துவம் மாறிப்போயிருந்தால் அது மீறல் ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

காலத்தையும் கவனியுங்கள். 1893இல்தான் ரயில்களில் காற்று பிரேக்கைக் கட்டாயமாக்கி அமெரிக்கச் சட்டம் வந்தது. ஐந்து வருடத்தில் இந்தத் தீர்ப்பு. இன்று கார்களில் நடப்பதும் அதே வரிசைதான்.

வேகத்தடை எழுதியது:

ரயில்பிரியன் ஐயா, இது நான் கேள்விப்படாத வழக்கு. மிக்க நன்றி. "பலனுக்கு உரிமை இல்லை" என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வழக்காடி எழுதியது:

ஒரு திருத்தம் மட்டும். அந்த 1898 தீர்ப்பு பாடப் புத்தகங்களில் இருக்கிறது, நீதிமன்றத்தில் அதை நம்பி ஜெயித்தவர்கள் மிகக் குறைவு. வார்த்தைகள் பொருந்திய பிறகு "தத்துவம் வேறு" என்று வாதிட்டுத் தப்பிப்பது இன்று ரொம்பக் கடினம். அகலமான உரிமைகோரலை உடைக்க இப்போது வேறு ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் துறைக்கு மிக அருகில் இருப்பது பிஎம்டபிள்யூவுக்கு எதிராக ஆட்டோமோட்டிவ் டெக்னாலஜீஸ் இன்டர்நேஷனல் நடத்தி, 2007இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்த வழக்கு.

விஷயம் பக்கவாட்டு மோதல் சென்சார். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று முடிவெடுக்கும் கருவி. காப்புரிமை ஆவணத்தில் இயந்திர முறைச் சென்சாரை விரிவாக விளக்கியிருந்தார்கள். மின்னணுச் சென்சாருக்கு ஒரு சின்னப் பத்தி, ஒரு படம், அவ்வளவே. ஆனால் உரிமைகோரலை இரண்டையும் அடக்குகிற மாதிரி அகலமாகப் பொருள்கொள்ள வைத்து, மின்னணுச் சென்சார் வைத்திருந்த கார் நிறுவனங்கள்மீது பாய்ந்தார்கள். கேட்டது கிடைத்தது, அந்த அகலமே அவர்களுக்கு எமனாகிவிட்டது. இவ்வளவு அகலமாக உரிமை கேட்டால், அந்த அகலம் முழுவதையும் செய்து பார்க்கும் அளவுக்கு ஆவணத்தில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், மின்னணுவுக்கு அப்படிச் சொல்லவில்லை, ஆகவே செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது.

வேகத்தடை, நீங்கள் சொன்ன "சொல்லாத இடம்" சட்டத்தில் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். அபாயத்தைக் கணிக்கும் பிராசசர் என்று உரிமை கேட்பவர், எப்படிக் கணிப்பது என்று சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

தனிக்குரல் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். தனி ஆளாக ஆய்வு செய்கிறவர்களின் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும்.

ராபர்ட் கெர்ன்ஸை நினைத்துப் பாருங்கள். விட்டு விட்டு இயங்கும் வைப்பருக்கு 1964இல் விண்ணப்பித்தவர். ஃபோர்டு நிறுவனத்துக்குச் செய்து காட்டினார். பிறகு ஃபோர்டு தானே அப்படியொரு வைப்பரைக் கொண்டுவந்தது. 1978இல் வழக்குப் போட்டார். நிறுவனங்கள் சொன்ன வாதம் என்ன தெரியுமா? இதில் இருப்பதெல்லாம் டிரான்சிஸ்டர், மின்தேக்கி, மின்தடை, எல்லாமே முன்பே உள்ள பாகங்கள், இதில் என்ன கண்டுபிடிப்பு என்பதுதான். 1990இல் ஃபோர்டு 1.02 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அடுத்து கிறைஸ்லருக்கு எதிராகவும் அவர் வென்றார். ஆனால் அதற்குள் அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி போய்விட்டது.

"எண்ணம் எளிது, வழிதான் கடினம்" என்ற பேச்சு பெரிய நிறுவனங்களுக்கு எப்போதும் வசதியான பேச்சு. யாரோ ஒருவர் முதலில் நினைத்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு அது எளிதாகத் தெரிகிறது.

வேகத்தடை எழுதியது:

தனிக்குரல், கெர்ன்ஸ் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அவர் "மழை குறைவாக இருந்தால் வைப்பர் மெதுவாக ஓடட்டும்" என்று மட்டும் எழுதிவிட்டு உரிமை கேட்கவில்லை. எந்தச் சுற்று, எந்தப் பாகம் எதோடு சேர்ந்து இடைவெளியை உண்டாக்குகிறது என்று வேலை செய்யும் ஒன்றை முன்வைத்தார். எல்லாக் காப்புரிமையையும் நான் எதிர்க்கவில்லை.

எங்கள் துறையில் உண்மையான கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தால் 12 மீட்டரில் நின்றுவிடலாம். ஆனால் பிரேக் திரவத்தில் அழுத்தம் ஏறுவதற்கே 0.3 வினாடி ஆனால், அதற்குள் வண்டி இன்னும் 4 மீட்டர் போயிருக்கும். அப்படியானால் முன்கூட்டியே போடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகப் போகிறாராக இருக்கலாம். வேகம் கூடினால், பிரேக் போட்டு நிற்கத் தேவைப்படும் தூரத்தைவிடக் குறைந்த தூரத்தில் விலகிப் போய்விட முடியும். எனவே கணினி, ஓட்டுநரால் இனி விலகவும் முடியாது என்று தெரிகிறவரை பொறுக்க வேண்டும். அதற்குமேல் ஒரு கணம்கூடப் பொறுக்கக் கூடாது.

இன்னொன்று ரேடார். சாலையோரப் பலகை, மேம்பாலம், சாலையில் பதித்த இரும்பு மூடி எல்லாமே எதிரொலி தரும். அசையாத பொருள் எல்லாம் காரை நோக்கி ஒரே வேகத்தில் வருவதுபோல்தான் ரேடாருக்குத் தெரியும். நின்றுகொண்டிருக்கும் லாரியும் அப்படித்தான் தெரியும். அதனால் பழைய அமைப்புகள் பல, அசையாதவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டன. மேம்பாலத்துக்கு அடியில் வெறுமனே பிரேக் விழுந்தால் பின்னால் வருபவன் வந்து இடிப்பான். விழாமல் விட்டால் முன்னால் நிற்கும் லாரியில் நாம் இடிப்போம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒருவர் ஒரு வழி கண்டுபிடித்துக் கேமராவையும் ரேடாரையும் இப்படி இணைக்க வேண்டும் என்று எழுதினால், அவருக்குக் காப்புரிமை கொடுங்கள், நான் ராயல்டி கட்டத் தயார். "அபாயம் இருந்தால்" என்ற இரண்டு சொல்லுக்குள் இது எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

உதிரிபாகம் எழுதியது:

நான் கொள்முதல் பக்கம். இந்த அமைப்பைக் கார் நிறுவனம் பெரும்பாலும் தானே செய்வதில்லை, எங்களைப் போன்ற உதிரிபாக நிறுவனங்களிடம் வாங்குகிறது. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும். காப்புரிமை வழக்கு வந்தால் செலவும் நஷ்டஈடும் சப்ளையர் தலையில். வழக்குப் போடுபவருக்கோ கார் நிறுவனத்தின்மீது போடுவதுதான் வசதி, ஏனென்றால் நஷ்டஈட்டைக் காரின் விலையோடு முடிச்சுப் போட்டுப் பேசலாம். கார் நிறுவனம் கடிதத்தை எங்களுக்குத் தள்ளிவிடும். நாங்கள் கேமரா சிப் செய்தவருக்குத் தள்ளுவோம். அவர், "சிப்பில் மீறல் இல்லை, நீங்கள் அதைப் பிரேக்கோடு இணைத்ததில்தான்" என்பார். அது பாதி உண்மையும்கூட.

கடைசியில் பல வழக்குகள் தீர்ப்புவரை போவதே இல்லை. ரகசிய ஒப்பந்தத்தில் முடிந்துவிடும். காப்புரிமை செல்லுமா செல்லாதா என்பது தெரியாமலே அடுத்த நிறுவனத்துக்குக் கடிதம் போகும்.

மீனலோசனி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். அரசே கட்டாயமாக்கிய ஒரு பாதுகாப்பு வசதிக்கு ஒருவர் தடையாணை வாங்கிக் கார் விற்பனையை நிறுத்த முடியுமா? 1959இல் நில்ஸ் போலின் மும்முனை சீட் பெல்ட்டைச் செய்தபோது வால்வோ அந்தக் காப்புரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பிரேக்குக்கும் அப்படி ஒரு விதி இருக்கக் கூடாதா? முன்னால் போகும் வண்டியில் இடிக்கும் விபத்துகளை இந்த வசதி பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதில் ஒரு வருடம் தாமதமானாலும் அது உயிர் விஷயம்.

வழக்காடி எழுதியது:

நல்ல கேள்வி, தோழி. வால்வோ செய்தது தானாக முன்வந்து செய்தது. சட்டம் யாரையும் அப்படிக் கட்டாயப்படுத்தாது.

தடையாணை விஷயத்தில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அமெரிக்காவில் 2006இல் ஈபே என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, மீறல் நிரூபணமானாலே தடையாணை என்ற நிலை இல்லை. பொதுநலனையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். டொயோட்டாவின் ஹைபிரிட் கார்கள்மீது பெய்ஸ் என்ற நிறுவனம் வென்றபோது, விற்பனையை நிறுத்த மறுத்து, ஒரு காருக்கு 25 டாலர் ராயல்டி என்று கீழ் நீதிமன்றம் விதித்தது. அந்தத் தொகைக்குக் காரணம் சொல்லவில்லை என்று 2007இல் மேல்முறையீட்டில் திருப்பி அனுப்பப்பட்டது. இருந்தாலும் காரை நிறுத்தாமல் காசு வாங்கிக் கொடுப்பது என்ற பாதை நிலைத்தது.

ஜெர்மனி வேறு. மீறலை ஒரு நீதிமன்றமும், காப்புரிமை செல்லுமா என்பதை வேறொரு நீதிமன்றமும் விசாரிக்கும். மீறல் தீர்ப்பு முதலில் வந்துவிடும். செல்லாது என்று பிறகு முடிவானாலும் அதற்குள் தடையாணையின் அழுத்தத்தில் சமரசம் ஆகியிருக்கும். 2020இல் மான்ஹைம் நீதிமன்றம் பென்ஸ் கார் நிறுவனமான டெய்ம்லருக்கு எதிராக நோக்கியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2021இல் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மன் சட்டத்தைத் திருத்தி, தடையாணை அளவுமீறிய சுமையாக இருந்தால் நீதிமன்றம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்று சேர்த்தார்கள்.

ஆனால் நோக்கியா வழக்கை அப்படியே பிரேக்குக்குப் பொருத்த முடியாது. அது மொபைல் தொடர்புத் தரநிலை. அந்தத் தரநிலையை உருவாக்கும்போதே, நியாயமான விதிமுறையில் எல்லோருக்கும் உரிமம் தருவோம் என்று நிறுவனங்கள் வாக்குக் கொடுத்திருக்கும். பிரேக் விதியில் அப்படி எந்த வாக்கும் கிடையாது.

வேகத்தடை எழுதியது:

அதற்கு மறுபக்கமும் உண்டு. மொபைல் தரநிலை என்றால் சிக்னல் எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருப்பார்கள், அதிலிருந்து விலக வழியில்லை. பிரேக் விதி பலனை மட்டும்தான் கேட்கிறது. ஐக்கிய நாடுகளின் ஒழுங்குவிதி 152ஐப் பாருங்கள். அவசர பிரேக்கில் வேகம் வினாடிக்கு வினாடி குறைந்தது 5 மீட்டர் வீதம் குறைய வேண்டும், இந்த வேகத்தில் வந்தால் இடிக்காமல் நிற்க வேண்டும் என்றுதான் சொல்லும். கேமராவா ரேடாரா லைடாரா (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) என்பது நம் விருப்பம். ஆகவே ஒருவர் ஒரு வழியை மட்டும் வைத்திருந்தால் அடுத்தவருக்கு வேறு வழி இருக்கிறது, யாருக்கும் நெருக்கடி இல்லை. பலனையே ஒருவர் வைத்திருந்தால், சட்டத்தைப் பின்பற்றும் ஒவ்வொருவரும் அவருக்கு மீறல்காரர் ஆகிவிடுவார். பாய்டன் வால்வு வழக்கில் நீதிமன்றம் தடுத்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

தனிக்குரல் எழுதியது:

இந்த விளக்கத்தை ஏற்கிறேன். ஆனாலும், நீதிமன்றங்கள் 2007க்குப் பிறகு "இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான்" என்று சொல்லிக் கழிப்பதைச் சுலபமாக்கிவிட்டன என்பது என் மனக்குறை.

வழக்காடி எழுதியது:

நீங்கள் சொல்வது கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ். அதுவும் காரின் பெடல்தான்! நகர்த்தக்கூடிய பெடலில் மின்னணுச் சென்சாரைப் பொருத்தியதற்கான காப்புரிமை. பெடல் முன்பே இருந்தது, சென்சார் முன்பே இருந்தது, துறையே மின்னணுவுக்கு மாறிக்கொண்டிருந்தது, சாதாரணத் திறமையுள்ள பொறியாளர் யாரும் சேர்த்திருப்பார் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அந்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். கெர்ன்ஸுக்கு இருந்ததுபோல் ஒரு தனித்த தீர்வு இருந்தால், கேஎஸ்ஆர் அளவுகோலிலும் தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது.

வேகத்தடை எழுதியது:

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் நிறுவனத்துக்கு இப்படியொரு வழக்கு வந்தால், பொறியாளர்கள் நாங்கள் முதலில் என்ன தேடிக் கொடுக்க வேண்டும்? 1959 கேடிலாக் சைக்ளோன் மாதிரிக் காரிலேயே முன்மூக்கில் ரேடார் இருந்தது, முன்னால் தடை இருந்தால் ஓட்டுநரை எச்சரித்தது என்று படித்திருக்கிறேன். அது போதுமா?

வழக்காடி எழுதியது:

கார் போதாது, காகிதம் வேண்டும். காப்புரிமை செல்லாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் மறுஆய்வு மனு போடும்போது, முந்தைய காப்புரிமைகளையும் அச்சில் வந்த வெளியீடுகளையும் மட்டுமே காட்டலாம். ஓடிய காரைக் காட்ட முடியாது, அந்தக் காரின் கையேட்டையோ அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையையோ காட்டலாம். சைக்ளோன் எச்சரித்ததோடு நின்றது என்றால் பிரேக் பகுதிக்கு வேறு ஆவணம் தேட வேண்டும். 1987இல் தொடங்கிய ஐரோப்பாவின் புரோமீதியஸ் திட்டத்தில் வந்த கட்டுரைகளிலிருந்து ஆரம்பியுங்கள். மியூனிக் ராணுவப் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் குழு 1990களின் நடுவிலேயே கேமராவை வைத்து ஸ்டீயரிங், பிரேக் இரண்டையும் கணினியிடம் கொடுத்து நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் வெளியான தேதிக்கு ஆதாரம் எடுத்து வையுங்கள், பாதி மனுக்கள் தடுமாறுவது அங்கேதான்.

கெடுவையும் மறக்காதீர்கள். வழக்கு ஆவணம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். ஆனால் ஒரு வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. நீதிமன்ற விசாரணைத் தேதி நெருங்கிவிட்டால், மனுவில் விஷயம் இருந்தாலும் எடுத்துக்கொள்ளாமலே தள்ளிவிட அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் தேடலை முடித்து வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.